போர்ச்சுகீசில் கேள்வி கேட்கப் பழகும் பிள்ளைகளுக்கு

1. எந்தச் சொல்லையும் அதன் அழுத்தம் விழும் அசையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். 'சபியா' என்பதில் நடு அசையை அழுத்தினால் 'தெரிந்திருந்தது', முதல் அசையை அழுத்தினால் அறிவுள்ள பெண், கடைசி அசையை அழுத்தினால் பிரேசிலின் தேசியப் பறவை. கேள்வியின் ஏற்ற இறக்கமும் அந்த அசையைப் பற்றிக்கொண்டுதான் வரும்.

2. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு நமக்கு 'ஆ' இருக்கிறது. போர்ச்சுகீசு பேசுவோருக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'எலா மோரா எய்ங் லிஸ்போவா' என்றால் அவள் லிஸ்பனில் வசிக்கிறாள். கேள்விக்கும் அதே சொற்கள், அதே வரிசை. குரல் மட்டுமே வேறு. கடைசிச் சொல் முழுவதையும் மேலே இழுக்காதீர்கள். சாவோ பாவ்லோவிலும் ரியோவிலும் அழுத்த அசையான 'போ'வில் குரல் ஏறும், 'வா'வில் இறங்கிவிடும். லிஸ்பன்காரர் 'போ'வில் இறக்கி 'வா'வில் ஏற்றுவார். இரண்டையும் கலக்க வேண்டாம். எதில் தொடங்குவது என்று என்னைக் கேட்டால் பிரேசில் என்பேன். லிஸ்பனில் அழுத்தமில்லாத உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். புதிதாகக் கேட்கும் காதுக்கு அது பெரும்பாடு.

3. 'எங்கே' போன்ற வினாச்சொல் வரும் கேள்வி வேறு மாதிரி. 'ஓன்ஜி எலா மோரா?', அதாவது அவள் எங்கே வசிக்கிறாள்? இங்கே குரல் 'ஓன்ஜி'யில் உயர்ந்து கடைசியில் தாழட்டும். கடைசியில் ஏற்றினால், தான் சொன்னது காதில் விழாமல் திரும்பக் கேட்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவர் நினைப்பார்.

4. அதிகம் பாடுபட வேண்டிய இடம், கேள்வி எந்தச் சொல்லைப் பற்றியது என்று காட்டுவதுதான். 'அவளா லிஸ்பனில் இருக்கிறாள்?', 'லிஸ்பனிலா இருக்கிறாள்?' என்று நாம் 'ஆ'வை இடம் மாற்றிவிட்டால் போதும். போர்ச்சுகீசில் அதற்கு இரண்டு வழி. வேண்டிய சொல்லின் அழுத்த அசையை உயர்த்தி, சற்றே நீட்டி, மிச்சத்தைத் தாழ்த்திச் சொல்வது ஒன்று. 'எ எலா கி மோரா எய்ங் லிஸ்போவா?' என்று அந்தச் சொல்லை 'எ', 'கி' இரண்டுக்கும் நடுவில் வைப்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் கைவசப்படுத்துங்கள். குரல் பிசகினாலும் வாக்கியம் உங்களைக் காப்பாற்றும். வெறுமனே சத்தத்தைக் கூட்டாதீர்கள், கோபப்படுவதாகத் தோன்றும்.

5. பதிலைக் கவனியுங்கள். 'ஆம்' என்பதற்குப் பதிலாக அவர்கள் பெரும்பாலும் கேள்வியின் வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். சாதாரணக் கேள்விக்கு 'மோரா' என்று வரும். 'எ… கி' வைத்த கேள்விக்கு 'எ' என்று வரும். 'அவளா?' என்ற பொருளில் குரலை மட்டும் உயர்த்திக் கேட்டு, வெறும் 'மோரா' வந்தால் அழுத்தம் எட்டாமல் போயிருக்கலாம். கூச்சப்படாமல் 'எ… கி' வைத்து மறுபடி கேளுங்கள்.