எதை விடுவது என்று முதலில் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்கு வீட்டிலேயே பாடம் நடத்த நீ போட்டு அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. எட்டரைக்கு ஆங்கிலம், ஒன்பதே காலுக்குக் கணக்கு, பத்துக்குத் தமிழ், பிறகு இந்தி, அறிவியல், கையெழுத்து, ஓவியம், யோகா, கோடிங். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. கட்டத்துக்கு ஒரு வண்ணம் வேறு. கூடவே மூன்று பாடத்திட்டங்களின் விலைப்பட்டியல். அதில் ஒன்று அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய பெட்டி. பாப்பாவுக்கு ஜூனில் ஆறு வயது முடிகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியிலிருந்துதான் நீ தொடங்கியிருக்க வேண்டும்.

"என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று கேட்டாய். முக்கால்வாசியை அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு எதையெல்லாம் தொடப்போவதில்லை என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் ஆண்டுத் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி. அந்தத் தாள் இல்லாமல் புத்தகம் தேடப் போனவர்களுக்கு எல்லாப் புத்தகமும் அவசியமாகத்தான் தெரியும்.

நாளுக்கு நான்கு மணி நேரம் என்ற கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. அது பள்ளிக்கூடக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. வகுத்தால் நாளுக்கு நான்கு மணி வரும். அதே சட்டம் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும் சொல்கிறது. வருகைப் பதிவு, தண்ணீர் குடிக்க வரிசை, முப்பது நோட்டைத் திருத்துவது, "டீச்சர், இவன் கிள்ளிட்டான்" எல்லாம் அந்த நான்கு மணிக்குள் அடக்கம். உன் எதிரில் உட்காரப் போவது ஒரே ஒரு பிள்ளை. இங்கிலாந்தில் ஆம்பிள்சைடில் ஆசிரியப் பயிற்சி நடத்திய சார்லட் மேசன், வீட்டுக் கல்வி பற்றி 1886இல் எழுதிய புத்தகத்தில், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போவது அரிதாக இருக்க வேண்டும் என்கிறார். அவருடைய மற்றக் கருத்துகளில் எனக்குச் சண்டை உண்டு. இந்த இருபது நிமிடத்தில் இல்லை. தமிழ் இருபது, கணக்கு இருபது, நீ வாசித்துக் காட்டி அவள் திருப்பிச் சொல்வது இருபது. நடுவில் ஓட்டம். உன் முதல் ஆபீஸ் கால் பத்து மணிக்கு என்றாய், அதற்குள் முடிந்துவிடும். இந்தி, கோடிங், யோகா மூன்றையும் விடும் தாளில் எழுது. அறிவியலைத் தனிப் பாடமாக வைக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

சென்னையில் இருக்கிறாய். ஆண்டை இந்த ஊர் வெயிலையும் மழையையும் பார்த்துப் பிரி. ஜூன் நடுவில் தொடங்கு. ஆறு வாரம் பாடம், ஒரு வாரம் வெறுமனே. அந்த வெற்று வாரத்தைக் காய்ச்சலும் கல்யாணமும் எப்படியும் தின்றுவிடும், தின்னாவிட்டால் லாபம். தீபாவளியை ஒட்டி மழை பிடித்துக்கொண்டால் தெருவில் தண்ணீர் நிற்கும், கரண்ட் போகும். அப்போது கதைப் புத்தகம் தவிர வேறெதையும் எதிர்பார்க்காதே. மழை நின்றதும் பள்ளிக்கரணைக்குக் கூட்டிப் போ, பறவைகள் வந்திருக்கும். ஜனவரி முதல் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். மாணவர்கள் நடத்தும் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் இரவு நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ஆறு வயதுக்கு இரவு முழுக்க நடக்கிற நடை வேண்டாம். குஞ்சுகளைக் கடலில் விடுகிற மாலைக்கு விசாரித்துக்கொண்டு போ. பார்த்ததை வரைய ஒரு தடித்த நோட்டு, பக்க மூலையில் தேதி. இந்த வருட அறிவியல் அவ்வளவுதான். பொங்கலிலிருந்து மார்ச் கடைசி வரை உனக்குக் கிடைக்கும் நல்ல காலம். கடினமானதை அங்கே வை. ஏப்ரல், மே பாட்டி வீடு.

தமிழுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நீ அதை மூன்றாவதாக, அவள் களைத்த பிறகு வைத்திருக்கிறாய். உங்கள் வீட்டில் பேசுவது தமிழ். எழுத்தைக் கூட்டி வாசிப்பது என்ற வித்தையைப் பிள்ளை ஒருமுறைதான் கற்கிறது. சொற்கள் ஏற்கெனவே வாயில் இருக்கிற மொழியில் அதைக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த எழுத்துமுறை அதன்மேல் சீக்கிரம் ஏறும்.

247 எழுத்து என்று சொல்லி உன்னைப் பயமுறுத்துவார்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம். மிச்சமெல்லாம் இவற்றோடு குறிகள் சேர்ந்து வருபவை. துணைக்காலைக் 'கா'வில் பிடித்துக்கொண்டவள் 'மா', 'பா'வைத் தானே சொல்லிவிடுவாள். கொம்பும் இரட்டைக்கொம்பும் அப்படியே. தகராறு செய்வது உகர, ஊகார வரிசைதான். கு, சு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைகிறது. அதற்கு மட்டும் ஒரு முழு மாதம் ஒதுக்கு, ஜனவரியில் வை.

கையெழுத்தை 'அ'வில் தொடங்காதே. அத்தனை சுழிப்பை ஆறு வயதுக் கை தாங்காது. ட, ப, ம என்று தொடங்கு. இரண்டும் மூன்றும் நேர்க்கோடுகள், பிறகு ஒரு வளைவு. புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் வாசிக்கிறாள். வாசித்தேன் என்ற சந்தோஷம் முதல் வாரத்தில் கிடைத்தால் அடுத்த வாரம் தானாக வந்து உட்காருவாள். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டு, விரலால் தடவட்டும். மாண்டிசோரி அம்மையாரின் முறை இது. அவர் 1939இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தவர், உலகப் போரால் தங்கிப்போய்க் கொடைக்கானலிலும் சில காலம் இருந்து பள்ளி நடத்தினார். அவர் பெயர் போட்ட மரச்சாமான்களின் விலையைப் பார்த்து மலைக்காதே, உப்புத்தாள் போதும்.

பெரிய மேடு எழுத்துக்குப் பிறகு வருகிறது, அதைப் பற்றி உன் மூன்று பாடத்திட்டங்களும் ஒரு வார்த்தை சொல்லாது. பாப்பா "வந்துட்டாங்க" என்கிறாள். புத்தகம் "வந்துவிட்டார்கள்" என்கிறது. அவள் "வீட்ல" என்கிறாள், புத்தகத்தில் "வீட்டில்". எழுத்து ஒவ்வொன்றையும் சரியாகக் கூட்டி வாசித்துவிட்டு, என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறை கண்ணில் இல்லை. எழுத்துத் தமிழ் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. அதனால் தினமும் நீ வாசித்துக் காட்டும் இருபது நிமிடம் இந்த ஆண்டின் முதுகெலும்பு. அச்சில் இருப்பதை அப்படியே வாசி. புரியாதோ என்று பயந்து பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாதே. பாதியில் நிறுத்தி, "இதுவரைக்கும் என்ன ஆச்சு?" என்று கேள். அவள் தன் பேச்சில்தான் சொல்லுவாள், திருத்தாதே. மார்கழிக்குள் புத்தகச் சொற்கள் ஒன்றிரண்டு அவள் கதைக்குள் நுழைந்திருப்பதைக் கேட்பாய். தூலிகாவின் தமிழ்ப் படக்கதைகள், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் இலவசமாகக் கிடைப்பவை, இவை ஓராண்டுக்கு மேலேயே வரும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. சனிக்கிழமை அங்கே போய் உட்காருங்கள்.

ல, ள, ழ குழப்பம், ந, ன, ண குழப்பம், ர, ற குழப்பம்: மூன்றையும் விடும் தாளில் எழுது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். பாட்டியின் பழைய கடிதத்தைக் காட்டினால் லை, ணை வேறு மாதிரி இருக்கும். 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. பயப்படாமல் காட்டு, பிள்ளைகளுக்கு அது புதையல்.

இனி அந்த அமெரிக்கப் பெட்டி. அதன் கணக்குப் புத்தகம் நன்றாகக் கட்டப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பாப்பா பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர் எண்ண வேண்டும். அங்குலத்தில் அளந்து பவுண்டில் நிறுக்க வேண்டும். செப்டம்பரில் இலை உதிர்வதையும் ஏப்ரலில் பனி உருகுவதையும் வரைய வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நீ உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பாய், அந்த உழைப்புக்குப் பணமும் கொடுத்திருப்பாய். அவளிடம் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களைக் கொடுத்து அண்ணாச்சி கடையில் கொத்தமல்லி வாங்கிவரச் சொல், மீதியை எண்ணி வாங்கட்டும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர்பேண்டு போட்டுக் கட்டுங்கள். இடமதிப்புக்கு அதைவிட நல்ல கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. பல்லாங்குழியும் தாயமும் மழை நாட்களுக்கு. நூறு வரை கட்டி எண்ண வேண்டும், இருபதுக்குள் கூட்டிக் கழிக்க வேண்டும். வருடக் கடைசியில் இது வந்துவிட்டால் கணக்கு முடிந்தது.

விலைக்கு வாங்குவதென்றால் ஒரு கணக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கு, ஒன்று மட்டும். தேர்ந்தெடுக்கும்போது முதல் அத்தியாயத்தைப் பார்க்காதே. எல்லாப் புத்தகத்திலும் முதல் அத்தியாயம் இனிக்கும். நடுவில் திற. புதிய ஒன்றை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள், எத்தனை பக்கம் கழித்து அதற்குத் திரும்பி வருகிறார்கள் என்று பார். பெற்றோருக்கான குறிப்பை வாய்விட்டு வாசி. உன் வாயில் அது இயல்பாக வரவில்லையென்றால் அந்தப் புத்தகம் எவ்வளவு புகழ் பெற்றதானாலும் அலமாரிக்குத்தான் போகும். அட்டையில் போட்ட வகுப்பு எண்ணை நம்பாதே. கணக்கில் இரண்டாம் வகுப்பும் வாசிப்பில் பாலர் வகுப்புமாக ஒரே பிள்ளை இருக்கலாம். தமிழுக்கு அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் போதும். மூன்று பருவமாகப் பிரித்தே போட்டிருக்கிறார்கள், இணையத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம்.

"பின்தங்கிவிட்டால்?" என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய். யாருக்குப் பின்னால்? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் கொண்டுவந்தார்கள். ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையிலிருந்து எடுத்தது. சுவரில் கற்றல் ஏணி ஒன்று தொங்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் படியில் ஏறும். பத்து நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தே பாடம் நடத்துகிறார்கள். வகுப்பறை நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களே தேதியைத் தளர்த்தும்போது, ஒருத்தியை வைத்துக்கொண்டு நீ ஏன் தேதிக்கு ஓடுகிறாய்? உன் திட்டத்தில் வரிசை இருக்கட்டும், தேதியை எடுத்துவிடு. முன்கூட்டி எழுதுவதை ஆறு வாரத்தோடு நிறுத்து. அன்றன்று நடந்ததை இரவில் இரண்டு வரி எழுதி வை.

சட்டத்தைப் பற்றி உன் மாமனார் கேட்டதாக எழுதினாய். கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வி என்று தனியாக எதையும் பேசவில்லை. அனுமதி வாங்கும் படிவமும் அதில் கிடையாது. 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்கிறது. அவர் கவலைக்கு மருந்தும் அதே சட்டத்தில் இருக்கிறது: இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. நாளை உங்களுக்கு இது ஒத்துவரவில்லையென்றால் அரசுப் பள்ளிக் கதவு திறந்தே இருக்கும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்கு இணையான நிலைகளும் பதினான்கு வயதுக்கு மேல் பத்தாம் வகுப்பும் எழுதலாம். அது இப்போதைக்கு உன் தலைவலி இல்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு, அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. அவள் தினம் எந்தப் பிள்ளைகளோடு விளையாடுவாள்? வாரம் ஒரு புதுப் பயிற்சி வகுப்பில் விடுவதால் சிநேகிதம் வராது. அதே முகங்களை வாரம் மூன்று நாள் பார்க்கும்படி ஓர் இடம் தேடு: மாடிக் குடியிருப்பின் மைதானம், சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் இடம், எதுவானாலும் சரி. சண்டை போட்டு, கா விட்டு, மறுநாள் பழம் விட அதே ஆட்கள் வேண்டும். இதற்கு வழி கிடைக்கவில்லையென்றால் பள்ளிக்கே அனுப்பு என்று சொல்வேன்.

ஆங்கிலம் இந்த வருடம் காதுக்கு மட்டும். அவள் அம்மா பேங்கிலிருந்து வந்ததும் ஒரு படக்கதை வாசித்துக் காட்டட்டும். ஆங்கில எழுத்தை, தமிழ் வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு பார்க்கலாம்.

புத்தகம் எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் இன்னொன்று. இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டிவிடு, காதையும் சோதித்துவிடு. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள், கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறாள் என்று கவனித்துச் சொல்ல அவளுக்கு வகுப்பாசிரியர் இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் உங்கள் வீட்டுக்கு வராது. ரிசல்ட் என்ன என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா