பூத்துப்போன ஃபோர்க் ஸ்க்ரூ

கேள்வி: பழைய ஜப்பானிய 600 சிசி பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன் ஃபோர்க்கின் மேலே உள்ள ரிபவுண்ட் ஸ்க்ரூ இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்புகிறது. ப்ரீலோட் நட்டு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் இடது காலின் அடியில் உள்ள கம்ப்ரஷன் ஸ்க்ரூ அசையவே இல்லை. காடி வேறு மழுங்கத் தொடங்கிவிட்டது. "கேஸ் நெருப்பைக் காட்டினால் வந்துவிடும், வராவிட்டால் ட்ரில் போடலாம்" என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நெருப்பும் வேண்டாம், ட்ரில்லும் வேண்டாம். ஃபோர்க் கால் என்பது எண்ணெயும் காற்றும் அடைபட்ட குழாய். நெருப்பைக் காட்டினால் ஓ-ரிங்குகள் கருகும், உள்ளே அழுத்தமும் ஏறும். ட்ரில் போட்டால் உலோகத் துருவல் எண்ணெயில் கலந்து வால்வு, புஷ் எல்லாவற்றையும் கீறிவிடும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ நிஜமாகவே பிடித்துக்கொண்டதா, அல்லது பழைய உரிமையாளர் கடைசிவரை முறுக்கி வைத்துவிட்டாரா? இதன் உள்முனையில் இருப்பது ஊசி வால்வு. வலப்புறம் திருப்பத் திருப்ப ஊசி உள்ளே போய் எண்ணெய் ஓடும் வழியைக் குறுக்கும். ஏற்கெனவே அடைத்து உட்கார்ந்துவிட்ட ஊசியை இன்னும் வலப்புறம் நெருக்கினால் ஊசியும் கெடும், அது உட்காரும் இடமும் கெடும். அதனால் முதல் முயற்சி இடப்புறமாகத்தான் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை, இப்படி வரும் ஃபோர்க்குகளில் அரிப்பு செய்த சேதத்தைவிட அவசரக்காரர்களின் ஸ்க்ரூ டிரைவர் செய்த சேதமே அதிகம்.

ஏன் பிடிக்கிறது? ஃபோர்க்கின் அடிப்பகுதி அலுமினியம், ஸ்க்ரூ பித்தளை அல்லது இரும்பு. இரு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் புகுந்தால் அங்கே சின்ன பேட்டரி ஒன்று உருவாகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியம்தான். அரிபட்டு வரும் வெள்ளை மாவுக்குப் பழைய உலோகம் இருந்த இடம் போதாது; இடுக்கை நிரப்பி ஸ்க்ரூவை நெரிக்கும். உப்பளக் காற்று வீசும் உங்கள் ஊரில் இதில் வியப்பில்லை. மேலே இருக்கும் ரிபவுண்ட் ஸ்க்ரூ தப்பியதற்கும் காரணம் இருக்கிறது: சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அங்கே போவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். பிரேக் டிஸ்க், காலிப்பர் இரண்டையும் பிளாஸ்டிக் பை போட்டு நன்றாக மூடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு பேடில் பட்டாலும் பிரேக் பிடிக்காது. அது இந்த ஸ்க்ரூவைவிடப் பெரிய தலைவலி. குழிக்குள் இருக்கும் மண்ணையும் வெள்ளைப் பொடியையும் பல்குத்தும் குச்சி, பழைய டூத் பிரஷ் கொண்டு சுரண்டி எடுங்கள். பிறகு பெனட்ரேட்டிங் ஆயில். டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விரட்டச் செய்தது. இறுகியதை இளக்க அதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். அசிட்டோன் கலந்த வீட்டுக் கலவைகள் வேண்டவே வேண்டாம், ரப்பரையும் பெயின்ட்டையும் தின்றுவிடும். பல பைக்குகளில் இந்தக் குழி கீழே பார்த்திருக்கும், ஊற்றினால் வழிந்துவிடும். பஞ்சை எண்ணெயில் நனைத்துக் குழிக்குள் அடைத்து, மேலே டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள்.

மறுநாள் காலை, கொதிக்கும் வெந்நீரில் நனைத்த துணியை இடுக்கியால் எடுத்து ஃபோர்க்கின் அடியைச் சுற்றிப் போடுங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். இரும்பு 12, பித்தளை 19. துளை ஸ்க்ரூவைவிட அதிகமாக விரிவதால் பிடி தளரும். இரும்பு ஸ்க்ரூ என்றால் பலன் நன்றாகவே தெரியும், பித்தளை என்றால் கொஞ்சம்தான். வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே ரப்பருக்கும் ஆபத்தில்லை.

சூடு ஆறுவதற்குள், காடியின் அகலத்தையும் தடிமனையும் முழுதாக நிரப்பும் ஸ்க்ரூ டிரைவரை வையுங்கள். கிடைக்காவிட்டால் பெரியது ஒன்றின் நுனியை அரம் போட்டுப் பொருத்துங்கள். அழுத்திப் பிடித்து இடப்புறம் ஒரு மயிரிழை, அசைந்தால் உடனே வலப்புறம் ஒரு மயிரிழை, மறுபடி எண்ணெய். அசைந்துவிட்டதே என்று ஒரே மூச்சில் சுற்றிவிடாதீர்கள். 'கிளிக்' சத்தம் திரும்ப வந்தால் வேலை முடிந்தது. நாலைந்து நாள் செய்தும் வரவில்லையா? விட்டுவிடுங்கள். அடுத்த ஃபோர்க் ஆயில் மாற்றும்போது காலைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டுப் பார்க்கலாம். கம்ப்ரஷன் ஸ்க்ரூ இருக்கும் அமைப்பு முழுதும் தனியாகக் கழன்று வரும் மாடல்கள் உண்டு. அப்போது ஊறவைப்பதும் மாற்றுவதும் சுலபம். ரேஸ் ஓட்டாதவருக்கு அதுவரை பெரிய குறை தெரியாது.

ப்ரீலோட் நட்டுக்கு வழி எளிது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினால் ஸ்பிரிங் மேல் வண்டியின் பாரம் இருக்காது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைத் தொடாதீர்கள். சரியான அளவு ரிங் ஸ்பேனர்தான்.

இளகிய பிறகு, ஒவ்வொரு சர்வீஸிலும் எல்லா ஸ்க்ரூவையும் வலக்கோடிவரை மெதுவாகத் திருப்பி, எத்தனை கிளிக் என்று குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். குழியில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் கொஞ்சம் பூசலாம். காப்பர் கிரீஸ் வேண்டாம், அலுமினியத்தோடு அதுவும் ஒத்துப்போகாது. வாட்டர் வாஷ் விடும்போது பக்கத்தில் நின்று, பிரஷர் பைப்பை அந்தக் குழிக்கு நேரே பிடிக்க விடாதீர்கள்.