வாடிக்கையாளர் செய்திகளைப் புதிய தளத்திற்கு மாற்றும் முறை

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

முன்னாளில் சங்கத்திற்கு வரும் வியாபாரக் கடிதங்களைத் தபால்காரர் கொண்டு வந்து கொடுப்பார். காரியதரிசி உறையைப் பிரித்து, உள்வரும் தபால் பதிவேட்டில் தொடர் எண் இட்டு, இன்ன தேதியில் இன்ன பதில் அனுப்பப்பட்டது என்று எதிரே குறித்து வைப்பார். ஆய்வுக்கு வரும் அதிகாரி அப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கம். எதிர்ப் பத்தி வெறுமையாய் இருக்கும் இடமெல்லாம் சங்கம் ஒரு வாடிக்கையாளரை இழந்து கொண்டிருக்கும் இடம் என்பது அவர் அறிந்த உண்மை.

இன்று அக்கடிதங்கள் பல வாயில்கள் வழியாக வருகின்றன. சேலையின் படத்தை அனுப்பி விலை கேட்பவர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். மொத்த வியாபாரி மின்னஞ்சலில் எழுதுகிறார். கண்காட்சியில் நம் சரக்கைக் கண்டவர் முகநூல் பக்கத்தில் விசாரிக்கிறார். பணம் வந்ததையும் பார்சல் புறப்பட்டதையும் சங்கம் குறுஞ்செய்தியில் தெரிவிக்கிறது. இவ்வாயில்கள் அனைத்தையும் ஒரே திரையில் கூட்டி, எந்தச் செய்திக்கு எந்த எழுத்தர் பதில் எழுதினார், எது நிலுவையில் உள்ளது என்று காட்டும் கணினிச் சேவையையே இக்கட்டுரையில் ‘செய்தித் தளம்’ என்று குறிப்பிடுகிறோம். பழைய தபால் பதிவேட்டின் இன்றைய வடிவம் என்று அதனைக் கொள்ளலாம். வேறுபாடு ஒன்றே: பதிவேடு சங்கத்தின் அலமாரியில் இருந்தது, செய்தித் தளமோ சந்தா பெறும் ஒரு நிறுவனத்தின் வசம் இருக்கிறது.

அந்நிறுவனத்தை விட்டு வேறொன்றிற்கு மாற வேண்டிய நிலை எந்தச் சங்கத்திற்கும் வரலாம். சந்தா உயர்ந்திருக்கலாம், தமிழில் வேலை செய்யும் வசதி போதாதிருக்கலாம், தொழில்நுட்பமே மாறியிருக்கலாம். வாட்ஸ்அப்பை எடுத்துக் கொள்வோம். சிறு வியாபாரிகளுக்கான அதன் தனிச் செயலியும், பெரிய அளவில் செய்தி கையாளுவோருக்கான இணைப்பு முறையும் 2018இல் வந்தன. 2022இல் மேகக் கணினி வழி இணைப்பு எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. சொந்தக் கணினியில் மென்பொருளை நிறுவிக் கொள்ளும் பழைய முறை 2025 அக்டோபரில் மூடப்பட்டது. ஆகையால், மாற விருப்பம் இல்லாதவரும் மாறியாக வேண்டிய காலம் வரும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் தன் செய்தித் தளத்தை மாற்றிற்று. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் முப்பது சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மாற்றத்திற்கு முந்தைய நாள் மாலை அவர் வாட்ஸ்அப்பில், ‘கரையின் நிறம் அரக்கு வேண்டாம், கிளிப்பச்சையாக இருக்கட்டும்’ என்று எழுதினார். அச்செய்தி பழைய தளத்தில் வந்து விழுந்தது. மறுநாள் காலை எழுத்தர் புதிய தளத்தைத் திறந்தார். திரை வெறுமையாய் இருந்தது. நிலுவை ஏதும் இல்லை என்று எண்ணி அன்றைய வேலையைத் தொடங்கினார். பழைய தளத்தை எவரும் மீண்டும் திறக்கவில்லை. மாத முடிவில் அது மூடப்பட்டது.

உண்மை தெரிந்தபோது பதினோரு சேலைகள் அரக்குக் கரையுடன் நெய்து முடிந்திருந்தன. வியாபாரி அவற்றை ஏற்கவில்லை. அவர் மீது குறை சொல்லவும் வழியில்லை. நெசவுக் கூலியைச் சங்கம் கொடுத்து விட்டது. ஆனால் முதல் சரக்கில் முடங்கியதால் புதிய பாவு கொடுக்க இயலாமல் சில தறிகள் மூன்று வாரம் நின்றன. விசாரணைக்குச் சென்ற நம்மிடம் ஒரு நெசவாளர், “சீட்டில் இருந்த நிறத்தைத்தான் நெய்தோம். எங்கள் கையில் என்ன பிழை, ஐயா?” என்று கேட்டார். அவர் கையில் பிழை இல்லை.

பிழையில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அம்மாற்றத்தைப் பரிந்துரைத்த குறிப்பில் நம் கையொப்பம் இருந்தது. மாதச் சந்தாவில் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கிட்டு எழுதியிருந்தோம். நிலுவைச் செய்திகளை யார் ஒப்படைப்பது, யார் பெற்றுக் கொள்வது என்பது பற்றி அக்குறிப்பில் ஒரு வரியும் இல்லை. பண்டகக் காப்பாளர் மாறும்போது ஒரு நூல் கட்டைக்கூட எண்ணாமல் பொறுப்பை மாற்ற நாம் அனுமதிப்பதில்லை. செய்திகளின் விஷயத்தில் மட்டும் அந்த ஒழுங்கை மறந்து விட்டோம். இப்பாடத்தை எழுதத் தூண்டியது அந்த மறதியே.

எது சங்கத்தின் சொத்து?

தளம் நிறுவனத்தினுடையது, தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, முகநூல் பக்கம், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை சங்கத்தினுடையவை. இந்த வேறுபாட்டை நிர்வாகக் குழு தெளிவாக உணர வேண்டும். செல்பேசி எண்ணை மாற்றாமலேயே சேவை நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 முதல் நம் நாடெங்கும் உள்ளது. அதுபோலவே, சங்கத்தின் வாட்ஸ்அப் எண்ணையும் ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றிற்குக் கொண்டு செல்ல முடியும். ஆனால் கணக்கு சங்கத்தின் பெயரில் பதிவாகி இருக்க வேண்டும். வசதிக்காக நிறுவனத்தின் ஊழியர் பெயரிலோ, முன்னாள் எழுத்தரின் சொந்தச் செல்பேசி எண்ணிலோ கணக்கைத் தொடங்கிய சங்கங்கள், மாறும் வேளையில் தங்கள் வாசலுக்கே சாவி இல்லாமல் வெளியே நிற்கும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, செல்பேசி எண் முதலியன நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டவை. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கும் அதுவே. வேலையை வேறொரு நிறுவனத்திடம் விட்டாலும், தரவை எதற்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரையே அச்சட்டம் பொறுப்பாளியாகக் கொள்கிறது.

ஒவ்வொரு வாயிலின் இயல்பு

வாட்ஸ்அப்: எண்ணை மாற்றுவதற்கு முன், பழைய நிறுவனத்தில் அவ்வெண்ணுக்கு இடப்பட்டுள்ள இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பூட்டை நீக்கச் செய்ய வேண்டும். பின்னர் அவ்வெண்ணுக்கே வரும் ஒருமுறைக் கடவு எண்ணைப் புதிய தளத்தில் இட்டு உறுதி செய்ய வேண்டும். ஆதலின் அந்த சிம் அட்டை யாரிடம் உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். சங்கத்தின் காட்சிப் பெயரும் எண்ணின் தர மதிப்பும் உடன் வரும். ஒப்புதல் பெற்ற மாதிரி வாசகங்களுள் நல்ல தரத்தில் உள்ளவை புதிய கணக்கில் படியெடுக்கப்படும். நிராகரிக்கப்பட்டவையும் ஒப்புதலுக்குக் காத்திருப்பவையும் வாரா. பழைய உரையாடல்களோ ஒன்றும் வாரா. மேற்சொன்ன சங்கத்தில் திரை வெறுமையாய் இருந்ததன் காரணம் இதுவே.

இன்னொரு விதியையும் மனத்தில் கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை சங்கம் தன் விருப்பப்படி பதில் எழுதலாம். அந்நேரம் கடந்தால், முன் ஒப்புதல் பெற்ற மாதிரி வாசகத்தைக் கொண்டே பேச்சைத் தொடங்க முடியும். விவசாயிகளின் விற்பனைச் சங்கத்திற்கு இது மிகவும் முக்கியம். வெண்டைக்காய்க்கு விலை கேட்ட வியாபாரி இரண்டு நாள் காத்திருக்க மாட்டார், காயும் காத்திருக்காது.

மின்னஞ்சல்: சங்கத்திற்குச் சொந்தமான இணையப் பெயரில் முகவரி இருப்பின், வரும் அஞ்சலை எந்தக் கணினியில் சேர்ப்பது என்பதை ‘எம்.எக்ஸ்.’ பதிவு என்னும் குறிப்பு உலகுக்குத் தெரிவிக்கிறது. அதனை மாற்றினாலும் பழைய குறிப்பைச் சில கணினிகள் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். அக்கால அளவு 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் என்று இருக்குமாயின், மாற்றத்திற்கு இரண்டு நாள் முன்பே அதனை 3,600 விநாடியாகக் குறைத்து வைப்பது நன்று. பழைய பெட்டியைச் சில நாட்கள் திறந்து பார்த்து வர வேண்டும். புதிய தளத்திலிருந்து சங்கத்தின் பெயரால் அஞ்சல் அனுப்புவதற்கு உரிய ‘எஸ்.பி.எஃப்.’, ‘டிகிம்’ என்னும் அத்தாட்சிப் பதிவுகளையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் நம் பதில்கள் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டியில் போய் விழக் கூடும்.

குறுஞ்செய்தி: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுப்புபவரின் தலைப்புப் பெயரும் மாதிரி வாசகங்களும் ‘டி.எல்.டி.’ பதிவேட்டில் சங்கத்தின் பெயரில் பதிவாகி இருக்கும். நிறுவனம் மாறினாலும் அவை சங்கத்தினுடையவையே. எனினும், புதிய நிறுவனம் நம் சார்பில் அனுப்புகிறது என்னும் இணைப்பை அப்பதிவேட்டில் சங்கமே ஏற்படுத்த வேண்டும். அது விடுபட்டால் செய்திகள் வழியிலேயே தடுக்கப்படும்.

முகநூல்: பக்கம் சங்கத்தினுடையது, தளத்திற்கு நாம் கொடுப்பது அனுமதி மட்டுமே. புதிய தளத்திற்கு அனுமதி கொடுத்துச் சோதித்த பின், பழையதன் அனுமதியை நீக்க மறவாதிருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு

நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பாவு முடியும் தறுவாயில் விழுதிலும் அச்சிலும் உள்ள பழைய இழைகளை அவர்கள் உருவி எறிவதில்லை. புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு பிணைத்து, விடுபட்டது ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே இழுக்கிறார்கள். நாம் பின்பற்ற வேண்டிய முறையும் அதுவே.

1. நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றி, மாற்றத்திற்குப் பொறுப்பான ஒருவரையும், அவர் இல்லாதபோது பார்ப்பதற்கு மற்றொருவரையும் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

2. எல்லா வாயில்களையும் பட்டியல் இட வேண்டும். ஒவ்வொன்றிற்கும் கணக்கு யார் பெயரில் உள்ளது, கடவுச்சொல் யாரிடம் உள்ளது, மாத்திற்குச் சுமாராக எத்தனை செய்தி வருகிறது என்பன எழுதப்பட வேண்டும். சுவரொட்டி, விலைச் சீட்டு, பார்சல் உறை ஆகியவற்றில் அச்சான எண்களையும் பார்த்துக் கொள்வது நலம்.

3. பழைய உரையாடல்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும், சந்தா முடியும் முன்பே, சங்கத்தின் கணினியில் இறக்கி வைக்க வேண்டும். செய்தி பெறச் சம்மதித்தவர் பட்டியலையும், ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று சொன்னவர் பட்டியலையும் தனித்தனியே எடுக்க வேண்டும். வேண்டாம் என்றவருக்குப் புதிய தளத்திலிருந்து செய்தி போவது, மறுத்து அனுப்பியவர் வீட்டுக் கதவை மறுபடியும் தட்டுவதற்கு ஒப்பாகும்.

4. மாற்றத்திற்கு வேலை குறைந்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள் நெசவுச் சங்கத்திற்கு ஆகா. அறுவடைக் காலம் விளைவிப்போர் சங்கத்திற்கு ஆகாது.

5. முந்தைய நாள் மாலை, பழைய தளத்தில் உள்ள நிலுவைகளுக்கெல்லாம் பதில் எழுதி முடிக்க வேண்டும். முடியாதவற்றை வாடிக்கையாளர் பெயர், கேட்ட விஷயம், வந்த நேரம் ஆகிய பத்திகளுடன் ஒரு பதிவேட்டில் எழுதி, ஒப்படைப்பவரும் பெறுபவரும் கையொப்பம் இட வேண்டும். வேலை முடிந்த பின் வந்த செய்திகளுக்காக, மாற்றும் வேளையில் பழைய தளத்தை ஒரு முறை திறந்து பார்த்தல் வேண்டும்.

6. எல்லா வாயில்களையும் ஒரே நாளில் மாற்றலாகாது. செய்தி குறைந்த ஒன்றை முதலில் மாற்றி, அங்கத்தினர் ஒருவரை வாடிக்கையாளரைப் போல எழுதச் சொல்லிச் சோதிக்க வேண்டும். செய்தி வந்ததா, உரிய எழுத்தரிடம் சென்றதா, பதில் போய்ச் சேர்ந்ததா என்ற மூன்றையும் பார்த்த பின்பே அடுத்த வாயிலைத் தொட வேண்டும்.

7. பழைய தளத்தின் சந்தாவை மேலும் ஒரு மாதம் நீட்டித்து, தினமும் காலையில் அதனைத் திறந்து பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதற்குரிய செலவு வீண் செலவு அன்று. மேற்சொன்ன சங்கம் ஒரு நாள் காலை ஒரு முறை பார்த்திருந்தால் பதினோரு சேலைகளும் தப்பியிருக்கும்.

8. இறுதியாக, பழைய நிறுவனத்திற்குக் கொடுத்த அனுமதிகளை நீக்கி, அங்குள்ள வாடிக்கையாளர் விவரங்களை அழித்து விட்டதாக எழுத்து மூலம் பெற்றுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

முடிவுரை

இவையெல்லாம் கணினி வல்லுநர் வேலை, நமக்கு ஏன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். எண்ணை இணைப்பது வல்லுநர் வேலைதான். ஒரு செய்தியும் விடுபடவில்லை என்று உறுதி செய்வது சங்கத்தின் வேலை. கிளிப்பச்சை என்று வந்த ஒரு வரிக்குப் பின்னால் பதினோரு சேலைகளும், நின்று போன தறிகளும், அத்தறிகளை நம்பிய குடும்பங்களும் இருந்தன என்பதை எந்தத் தளமும் தானாக அறியாது. அச்சங்கத்தில் இப்போது நிலுவைச் செய்திப் பதிவேடு ஒன்று காரியதரிசியின் மேஜை மீது இருக்கிறது. அங்கு ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் ரொக்கப் புத்தகத்திற்கு அடுத்தபடியாக அதனையே நாம் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம்.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் கணக்கு யார் பெயரில் பதிவாகி உள்ளது? அந்த சிம் அட்டை இன்று யாரிடம் இருக்கிறது?

2. நம் செய்தித் தளம் நாளையே மூடப்பட்டால், வாடிக்கையாளர் பட்டியல் நம் வசம் உள்ளதா?

3. பதில் எழுதப்படாத செய்தி ஒன்றினால் தவறான சரக்கு நெய்யப்பட்டால், அந்நஷ்டத்தை நெசவாளர் மீது சுமத்துவது நியாயமா? நம் துணை விதிகள் அது பற்றி யாது கூறுகின்றன?