மலைச் சைக்கிளை மாநகரில் சோதிக்கலாமா?

கேள்வி: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள டிரெயில் சைக்கிளை வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?
– வாசகர், கே.கே. நகர்

பதில்: முனுசாமி சாலையில் ஒரு சுற்று ஓட்டினால் பாதிதான் தெரியும். டிரெயில் சைக்கிளின் சஸ்பென்ஷன் பெரும்பாலும் 120 முதல் 150 மி.மீ. வரை அமுங்கும். வேரும் பாறையும் நிறைந்த தடத்துக்கான அளவு அது.

முதல் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம். வழக்கமாகச் சுமக்கும் பையுடன் ஏறி, சுவரைப் பிடித்தபடி அசையாமல் அமர வேண்டும். பின் ஷாக் தன் மொத்த நகர்வில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கினால் சரி. 50 மி.மீ. நகரும் ஷாக் என்றால் 15 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. தண்டிலுள்ள ரப்பர் வளையம் அளவைக் காட்டிவிடும். அதிகம் அமுங்கினால், ஷாக் பம்ப் கொண்டு காற்றைக் கூட்டச் சொல்லலாம்.

அடுத்து, நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்கிப் பார்க்க வேண்டும். சைக்கிள் ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. துள்ளிக்கொண்டே இருந்தால் ரீபவுண்ட் திருகைச் சரிசெய்ய வேண்டும்.

பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது. அந்த ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்பக்கம் ஊஞ்சலாடுகிறதா, இறக்கத்தில் இரண்டு பிரேக்கும் ஒரே சீராகப் பிடிக்கின்றனவா என்று அறியலாம்.

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்த பொன்முடி போன்ற மலைத்தடங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தச் செலவு தகும். சென்னைச் சாலை மட்டும்தான் என்றால், முன்பக்க சஸ்பென்ஷன் மட்டுமுள்ள சைக்கிள் எடை குறைவு, பராமரிப்பும் எளிது, அதையே வாங்கலாம்.