கூட்டமில்லாத நாளில் கொல்லிமலை

ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி, காரவள்ளி வழியாக ஏறுபவர்கள் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். முன் இருக்கையும் அவர்களுக்கே.

ஞாயிறு வேண்டாம். வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 17, 18 தேதிகளில் மலையே திணறும். விழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி.

ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முழங்கால் பேசும். அதனால் அருவியைக் காலையிலேயே முடித்துவிட்டு, அறப்பளீஸ்வரரை அப்புறம் தரிசிக்கலாம். பாறை வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது.

திரும்பும்போது நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மிளகு வாங்க செம்மேடு.