அச்சில் பிறந்த அழகு

நுழையும்முன்

நகரம் வளர வளர, வீதிகளில் ஊர்திகளும் பெருகுகின்றன. அவற்றை நிறுத்தும் கட்டடத்திற்கு இடவசதி இருந்தால் போதும், அழகு எதற்கு என்று எண்ணுவோர் பலர். பயன் கருதி எழுப்பப்படும் கட்டடமும் கண்ணைக் கவரலாம் என்பதை இங்கிலாந்தின் இரு வாகன நிறுத்தகங்களின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

முன்வார்ப்பு முறை

தூண், உத்திரம், தளப்பலகை ஆகியவற்றைக் கட்டுமிடத்திலேயே கான்கிரீட்டால் வார்ப்பது ஒரு முறை. தொழிற்கூடத்தில் அச்சுகளில் வார்த்து, இறுகிய பின் சுமையுந்தில் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் பொருத்துவது மற்றொரு முறை. இதனையே முன்வார்ப்பு என்பர். இதனால் நெரிசல் மிக்க வீதிகளில் கட்டுமானப் பணி விரைந்து முடிகிறது. இரைச்சலும் தூசியும் குறைகின்றன. எஃகுக் கம்பிகளை இழுத்துவைத்து வார்க்கப்படும் உத்திரங்கள் நெடுந்தொலைவைத் தாங்கவல்லவை. எனவே, இடையில் தூண்கள் குறைந்து, ஊர்திகள் திரும்புவதற்குப் போதிய இடம் கிடைக்கிறது.

அச்சைச் செய்வதற்கே செலவு மிகுதி. எனினும், ஓர் அச்சில் எத்தனை முறை வார்க்கிறோமோ, அத்தனை உறுப்புகளுக்கும் அச்செலவு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ஆகவே, தேர்ந்த வடிவமைப்பாளர் கட்டி முடித்த பின் அழகைத் தேடுவதில்லை. அச்சை வடிக்கும்போதே அதனையும் சேர்த்து வடிக்கிறார்.

பயனே வடிவாதல்

வாகன நிறுத்தகத்தின் பக்கங்கள் முற்றிலும் மூடியிருந்தால் புகை உள்ளேயே தேங்கும். முற்றிலும் திறந்திருந்தால் ஊர்திகளின் முகப்பு விளக்கொளி எதிர்வீட்டாரின் கண்களைக் கூசச் செய்யும். காற்றை விட்டு, ஒளியைத் தடுக்கும் முகப்பே தேவை. இத்தேவையிலிருந்தே வடிவம் பிறக்கிறது.

1969இல் திறக்கப்பட்ட பிரெஸ்டன் நகரப் பேருந்து நிலையத்தின் மேல், ஏறத்தாழ 1,100 மகிழுந்துகளுக்கான தளங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் முன்வார்ப்பு விளிம்புகள் அலைபோல் மேல்நோக்கி வளைந்துள்ளன. அவ்வளைவு வெறும் அணியன்று. மகிழுந்தின் முன்பகுதி செங்குத்துச் சுவரில் மோதாமல் காப்பதும் அதுவே. இலண்டன் வெல்பெக் தெருவில் 1970இல் எழுந்த நிறுத்தகமோ, சாய்சதுர வடிவ முன்வார்ப்பு உறுப்புகளை அடுக்கிய முகப்பால் புகழ்பெற்றது. ஒரே உறுப்பு மீண்டும் மீண்டும் வந்து, கோலத்தின் இழைபோலச் சுவரெங்கும் படர்ந்தது.

இருவேறு முடிவுகள்

பிரெஸ்டன் நிலையத்தை இடிக்க 2012இல் நகர மன்றம் முடிவெடுத்தது. அதனைக் காக்கப் பலர் குரல் கொடுத்தனர். 2013இல் அது பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் புதுப்பிக்கவும் பெற்றது. வெல்பெக் தெரு நிறுத்தகத்திற்காகவும் குரல்கள் எழுந்தன. ஆயினும் அத்தகைய பாதுகாப்பு அதற்குக் கிட்டவில்லை. விடுதி ஒன்று கட்டுவதற்காக 2019இல் அது இடிக்கப்பட்டது.

கோயிலையும் அரண்மனையையும் போற்றும் கண்கள், அன்றாடம் கடந்துசெல்லும் எளிய கட்டடங்களையும் காணப் பழக வேண்டும். இடிந்த பின் அருமை உணர்வதால் பயனில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பயன்பாட்டுக்காகவே கட்டப்பட்ட கட்டடம் ஒன்றைத் தேர்ந்து, அதன் வடிவத்திற்கும் பயனுக்கும் உள்ள தொடர்பை ஒரு பக்க அளவில் எழுதுக.