கட்சி கட்டும் முன்பு

அன்புள்ள தம்பிக்கு,

அரசியல், புத்தகம், பண்பாடு மூன்றிலும் இப்போது எதைப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தாய். பட்டியல் போட்டுக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். மூன்றும் வந்து முட்டிக்கொண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பானு முஷ்தாக் கர்நாடகத்தின் ஹாசன் ஊர்க்காரர், வழக்கறிஞர். பண்டாய என்ற எதிர்ப்பிலக்கிய இயக்கத்தின் வழியே எழுத வந்தவர். அவருடைய கன்னடச் சிறுகதைகளில் பன்னிரண்டைத் தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் ‘ஹார்ட் லாம்ப்’ என்ற தொகுப்பாக்கினார். 2025 மே மாதம் அதற்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. சிறுகதைத் தொகுப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. பரிசுத் தொகை 50,000 பவுண்டு. அதில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்கு. நம் பதிப்பகங்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு.

அந்த ஆண்டு மைசூரு தசராவைத் தொடங்கிவைக்கக் கர்நாடக அரசு அவரை அழைத்தது. சாமுண்டி மலையில் தேவிக்கு மலர் தூவித் தொடங்கும் விழாவுக்கு ஒரு முஸ்லிம் எப்படி வரலாம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2017இல் கவிஞர் நிஸார் அகமது தொடங்கிவைத்த விழாதான் இது. அழைப்பை எதிர்த்துப் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, உச்ச நீதிமன்றத்திலும் செப்டம்பர் 19 அன்று தள்ளுபடியானது. 22ஆம் தேதி அவரே தொடங்கிவைத்தார்.

இடையில் அவருடைய பழைய பேச்சு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். கன்னடத்தைப் புவனேஸ்வரி தேவியாக்கினால் தன்னைப் போன்றவர்களுக்கு அங்கே எங்கே இடம் என்று அதில் கேட்டிருந்தார். தமிழைத் தாயாக வணங்கிப் பழகிய நமக்கும் அது சங்கடமான கேள்விதான். அதனாலேயே காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தச் செய்திகளை மட்டும் படித்திருந்தால் அவரை ஒரு தரப்பின் ஆளாக முடிவுகட்டியிருப்பாய். ஆனால் பெண்களும் மசூதிக்குள் சென்று தொழ உரிமை வேண்டும் என்று பேசியதற்காக, 2000இல் அவரைச் சொந்தச் சமூகத்திலேயே விலக்கிவைத்திருக்கிறார்கள். அவரை இரண்டு தரப்பும் ஏன் வெறுத்தன என்பது கதைகளைப் படித்தால்தான் விளங்கும். தலைப்புக் கதையில் வரும் மெஹ்ரூன், கணவன் கைவிட்டதும் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். குடும்ப மானம் போகும் என்று அண்ணன்மார் அவளைக் கணவன் வீட்டுக்கே திருப்பி அழைத்துப்போகிறார்கள். அந்த அண்ணன்மாருக்கு நம் தெருவிலும் ஆளுண்டு; மதம் மட்டும் வேறு.

ஆகவே ஒரு பெயர் சண்டையில் அடிபடும்போது நீ உடனே கட்சி கட்டாதே. அவர் எழுதியதில் ஒன்றையாவது முழுசாகப் படி. பேச்சென்றால் வெட்டிய துண்டை விட்டுவிட்டு முழு உரையையும் கேள். வழக்கென்றால் நீதிமன்ற உத்தரவைத் தேடி எடு. மற்றவர்களின் கருத்துக் கட்டுரைகளுக்கு அதன்பிறகு வா. என்னுடையதும் அதில் சேர்த்திதான். மெஹ்ரூன் கதையை முதலில் படித்துவிட்டு எழுது. அவளைக் கடைசியில் தடுத்து நிறுத்துவது யார் என்பதைப் பற்றி உன்னோடு பேச வேண்டும்.

அன்புடன்,
அக்கா